வேகஸ் பக்கத்துல முதல் ஹைக்கிங்: காலிகோ டாங்க்ஸ் போறது எப்படி

லாஸ் வேகஸ் வர்றவங்க முக்காவாசி பேர் ஸ்ட்ரிப்பை, அதாவது கேசினோ ஹோட்டல் வரிசையா இருக்கற ரோட்டை மட்டும் சுத்திட்டு கிளம்பிடறாங்க. அங்கிருந்து மேற்கால ஒரு 17 மைல் போனா செவச்செவன்னு ரெட் ராக் கேன்யன்ங்கற பாறைப் பள்ளத்தாக்கு நிக்குது, அதைப் பாக்காம போறாங்களேன்னு எனக்கு மனசே ஆறாது. புதுசா ஏறுறவங்களுக்கு அங்க இருக்கற காலிகோ டாங்க்ஸ் ட்ரெயில்தான் சரி, போய்ட்டு வர 2.5 மைல், ஏத்தம் சுமார் 450 அடி, மெதுவா நடந்தா ரெண்டு மணி நேரம்.

முதல்ல மாசம் பாருங்க. அக்டோபர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் நல்லது. கோடைல 40 டிகிரி தாண்டுறது சகஜம், அப்போ வேணவே வேணாம். ஜூலை டு செப்டம்பர்ல இன்னொரு ஆபத்து, மழை எங்கயோ மலை உச்சில கொட்டும், உங்க தலைக்கு மேல வெயில் அடிச்சுட்டு இருக்கும், ஆனா கேன்யனுக்குள்ள திடீர்னு வெள்ளம் வந்துடும்.

அடுத்து புக்கிங். அக்டோபர் 1லேர்ந்து மே 31 வரைக்கும் காலைல 8லேர்ந்து சாயந்தரம் 5க்குள்ள காரோட உள்ள போகணும்னா ஆன்லைன்ல டைம் புக் பண்ணிருக்கணும். உள்ள இருக்கற ரோடு 13 மைல், ஒன்வே! நம்ம ட்ரெயில் ஆரம்பிக்கற சாண்ட்ஸ்டோன் குவாரி பார்க்கிங்கை விட்டுட்டீங்கன்னா ரிவர்ஸ்லாம் கிடையாது, முழு ரவுண்டு அடிச்சுதான் வரணும், அதனால போர்டை பாத்துட்டே ஓட்டுங்க.

தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், கூட கொஞ்சம் உப்புக்கடலை. பாதி தண்ணி தீர்ந்துச்சா, எங்க நின்னாலும் சரி, திரும்பிடுங்க. இதுல மட்டும் நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். போன் சிக்னலை நம்பாதீங்க, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க.

நடக்க ஆரம்பிச்சதும் பழைய குவாரில வெட்டிப்போட்ட பெரிய பெரிய கல்லு வரும், அப்புறம் மணல், அதுக்கப்புறம் கல்லுப்படி. மேல போகப்போக வெறும் பாறை, பாதைன்னு ஒண்ணு தெரியாது, நானும் ஒரு தடவை இங்க தப்பான பக்கம் ஏறி அரைமணி நேரம் அலைஞ்சிருக்கேன். அதுலேர்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பிப் பாத்து வந்த வழியை மனசுல வாங்கிப்பேன், ஏன்னா இறங்கும்போது அதே பாறை வேற மாதிரி தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடுக்குல கைய விடாதீங்க, ராட்டில்ஸ்நேக்னு விஷப்பாம்பு இருக்கும். பாறையை உள்ளங்கையால தேச்சுப் பாருங்க, சிவப்பு மணல் அப்படியே ஒட்டிக்கும், மணல் இறுகி உண்டான கல்லுதானே, மழை நனைஞ்சா பலம் போயிடும், அதனால மழை பெஞ்சு ஒண்ணு ரெண்டு நாள் பாறை ஏறாதீங்க.

கடைசில பாறைக்குள்ள தானா உண்டான ஒரு தொட்டி, மழை பெஞ்சிருந்தா தண்ணி நிக்கும். அதுல கால் நனைக்காதீங்க, அங்க இருக்கற மிருகங்க குடிக்கற தண்ணி அது. தொட்டியைத் தாண்டி பாறை மேல நின்னு கிழக்கால பாத்தா மொத்த வேகஸும் கீழ தட்டையா விரிஞ்சு கிடக்கும், அங்க உக்காந்து மிச்ச தண்ணியை அளந்துட்டு இறங்குங்க.