மினிமம் டியூ கட்டினால் போதுமா? கிரெடிட் கார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் கிரெடிட் கார்டு வாங்கியபோது ஆட்டோ டெபிட் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது. கட்டியாகிவிட்டது என்றே நினைத்தேன். மூன்றாவது மாதம் ஸ்டேட்மென்டைத் திறந்தால் வட்டி என்று ஒரு வரி. படிவத்தில் முழுத் தொகையா, மினிமமா (அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியாக வேண்டிய தொகை) என்று இரண்டு கட்டங்கள் இருந்திருக்கின்றன. டிக் விழுந்திருந்தது மினிமத்தில். அதைப் படிக்காதது என் தப்புதான்.

கார்டு விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பல இந்த ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. கட்ட வேண்டியது எவ்வளவு, கட்டினால் போதும் என்று வங்கி சொல்வது எவ்வளவு என்ற இரண்டையும் நாம் ஒன்றாக நினைத்துவிடுகிறோம்.

கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரருக்குப் பணம் தருவது வங்கி. நமக்கு அது கைமாற்று. அதைத் திருப்பித் தர இரண்டு தேதிகள் உண்டு, பில் தேதியும் கடைசித் தேதியும். பில் தேதி ஒவ்வொரு மாதமும் 5, கடைசித் தேதி 25 என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 6 அன்று வாங்கிய பொருள் ஏப்ரல் 5 பில்லில்தான் வரும். அதை ஏப்ரல் 25க்குள் கட்டினால் போதும், 50 நாள் வட்டியில்லாக் கடன். அதே பொருளை மார்ச் 4 அன்று வாங்கியிருந்தால் மறுநாளே பில்லில் ஏறியிருக்கும், கிடைப்பது 21 நாள்தான். ஆகவே '50 நாள் வரை வட்டியில்லை' என்ற விளம்பரத்தில் கவனிக்க வேண்டிய சொல் 'வரை'. பெரிய செலவு காத்திருக்க முடியுமானால் பில் தேதிக்கு மறுநாள் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பில்லில் உள்ள மொத்தத் தொகையையும் கட்டியாக வேண்டும். 'கிட்டத்தட்ட எல்லாம் கட்டிவிட்டேன்' என்பது இங்கே செல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்ச் 6 அன்று 20,000க்கு ஒரு பொருள். ஏப்ரல் 25 அன்று 19,000 கட்டிவிட்டு, 1,000 தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம். அந்த 1,000க்கு மட்டும் வட்டி வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பல கார்டுகளில் சலுகையே ரத்தாகி, பொருள் வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள் வரை முழு 20,000க்கும் வட்டி போடப்படும். மாதம் 3 சதவீதம் என்றால் அந்த 50 நாளுக்கு 986. மிச்சம் வைத்தது ஆயிரம், அதற்கு வட்டியும் ஏறக்குறைய ஆயிரம்! கெடுவுக்குள் கட்டிய பகுதிக்கு இப்படி வட்டி போடுவதை அமெரிக்காவில் 2009இல் வந்த சட்டம் தடுத்தது. எல்லா நாட்டிலும் ஒரே விதி இல்லை. உங்கள் கார்டில் எப்படி என்பது ஒப்பந்தத்தில் 'வட்டி கணக்கிடும் முறை' என்ற பகுதியில் இருக்கும். ஒப்பந்தத்தில் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

பாக்கி வைத்தால் இன்னொன்றும் நடக்கும். அதன் பிறகு வாங்கும் புதிய பொருள்களுக்கும் வட்டியில்லாத நாள் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். பழைய பாக்கி முழுதும் தீர்ந்தால்தான் சலுகை திரும்பும். அப்படித் தீர்த்த பிறகும் அடுத்த பில்லில் ஒரு சிறு வட்டி வரும். பில் போட்ட நாளுக்கும் நாம் கட்டிய நாளுக்கும் இடையே ஓடிய வட்டி அது. நான் ஆட்டோ டெபிட்டை முழுத் தொகைக்கு மாற்றிய பிறகும் ஒரு தடவை வட்டி வந்தது இதனால்தான். ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து சண்டைக்குப் போய், விளக்கத்தைக் கேட்டுவிட்டு அமைதியாகத் திரும்பினேன்.

இப்போது மினிமம் டியூ. பெரும்பாலும் அது பாக்கியில் 5 சதவீதம்போல இருக்கும். பில்லில் பளிச்சென்று தெரிவதும் அதுதான். 1,00,000 பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி, மாதாமாதம் 5 சதவீதம் மட்டும் கட்டுகிறோம், கார்டில் வேறு எதுவுமே வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 32 மாதங்கள் ஒழுங்காகக் கட்டியிருப்போம். மொத்தம் கட்டியது சுமார் 1,20,000. பாக்கி இன்னும் ஏறத்தாழ 50,000 நிற்கும். வரியும் கட்டணங்களும் இதில் சேரவில்லை.

மூணு வட்டிக்குக் கைக்கடன் வாங்கச் சொன்னால் ஆயிரம் யோசனை செய்யும் நாம், அதே மூணு வட்டியைப் பிளாஸ்டிக் அட்டையில் யோசிக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். மாதம் 3 என்பது வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்.

மினிமத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கையில் பணமே இல்லாத மாதத்தில் அதையாவது கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, கடன் வரலாற்றில் கறையும் படியாது. ஆபத்துக்கு ஒரு மாதம் சரி, அதையே வழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது.

கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். வேண்டவே வேண்டாம்.

லிமிட், அதாவது கார்டில் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை, 2,00,000 என்று வந்தவுடன் வருமானமே கூடியதுபோல ஒரு நினைப்பு வருகிறது. காசை எண்ணிக் கொடுக்கும்போது இருக்கும் வலி, கார்டில் தெரிவதில்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரேசன் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் மேலாண்மை மாணவர்களிடம் கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுகளை ஏலம் விட்டார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் கட்டச் சொல்லப்பட்டவர்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்களாம். மேலாண்மை படிக்கும் பிள்ளைகளுக்கே இந்தக் கதி!

லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் கடன் மதிப்பெண் (நாம் கடனை ஒழுங்காகத் திருப்பித் தருவோமா என்பதற்கான மதிப்பெண்) போடுபவர்கள் பார்க்கிறார்கள். 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பரவலான கணக்கு. முழுதும் கட்டுபவர்களும் இதில் சறுக்குவதுண்டு. ஏனென்றால் பெரும்பாலும் பில் தேதியில் நிற்கும் தொகைதான் மதிப்பெண் நிறுவனத்துக்குப் போகிறது. ஏதோ ஒரு மாதம் செலவு மிஞ்சிவிட்டால், பில் வருவதற்கு முன்பே கொஞ்சம் கட்டிவிடலாம்.

பாயின்ட்டுகளும் கேஷ்பேக்கும் முழுத் தொகை கட்டுபவர்களுக்கு உண்மையிலேயே லாபம். பாக்கி வைப்பவர்களுக்கு, 1 சதவீதத்தைக் கையில் கொடுத்து 3 சதவீதத்தைப் பையிலிருந்து எடுக்கும் வித்தை. ஆண்டுக் கட்டணம் தள்ளுபடியாக இன்னும் இவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்பதற்காகத் தேவையில்லாததை வாங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டணத்தைக் கட்டிவிட்டிருந்தாலே மிச்சமாகியிருக்கும்.

வட்டியில்லாத் தவணை என்று சொல்லும் இடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டா? பிராசசிங் கட்டணம் எவ்வளவு? வட்டி பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில் ஒளிந்திருக்கும்.

அதிகம் பேர் அறியாத தவறுகள் இன்னும் இரண்டு. பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ரீஃபண்ட் வரும் என்று அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு பில் கட்டுவது முதலாவது. பில்லுக்குப் பிறகு வரும் ரீஃபண்டைப் பல வங்கிகள் கட்டிய பணமாக எடுத்துக்கொள்வதில்லை. முழுதும் கட்டிவிடுங்கள், ரீஃபண்ட் பிறகு வரவாக நிற்கும். இரண்டாவது, வெளிநாட்டில் கார்டு இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?' என்று கேட்கும்போது ஆமாம் என்பது. அந்த மாற்று விகிதத்தில் கூடுதல் விலை சேர்ந்திருக்கும். அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டுவதுதான் பெரும்பாலும் மலிவு.

ஏற்கெனவே பாக்கியில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் அந்தக் கார்டைத் தேய்ப்பதை நிறுத்த வேண்டும். புதிதாக வாங்குவதெல்லாம் முதல் நாளிலிருந்தே வட்டிக்குத்தான் போகிறது. வட்டி குறைந்த தனிநபர் கடன் கிடைத்தால் வாங்கி இதை அடைக்கலாம், ஆனால் காலியான லிமிட்டை மறுபடி நிரப்பாமலிருக்கத் தெரிய வேண்டும். இரண்டு மூன்று கார்டுகளில் பாக்கி இருந்தால் மற்றவற்றுக்கு மினிமம் கட்டிக்கொண்டு, வட்டி அதிகமுள்ளதை முதலில் தீர்க்க வேண்டும். கடைசித் தவணை கட்டப்போகும் நாளில் பில்லில் அச்சான தொகையை நம்பாமல் வங்கிக்குப் போன் செய்து, 'இன்றைய தேதிக்கு எல்லாம் சேர்த்து முடிக்க எவ்வளவு?' என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பில்லில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடத்தான் சொல்வார்கள்.