குமானோ கோடோவில் மூன்று நாள் நடை: ஆயத்தமும் ஒழுங்கும்

ஜப்பானில் மலைநடையும் மரபு வழிபாடும் ஒரே பாதையில் வேண்டுமென்போர் கீ தீபகற்பத்தின் குமானோ கோடோவுக்குச் செல்லலாம். 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்த யாத்திரைப் பாதைகளுள் முதன்முறை நடப்போருக்கு ஏற்றது நகாஹேச்சி. தகிஜிரி என்னும் சிறு சன்னிதியில் தொடங்கி ஹோங்கூ ஆலயம் வரை அது ஏறத்தாழ 38 கி.மீ. நீள்கிறது.

முதலில் தங்குமிடத்தை உறுதி செய்யுங்கள். வழியிலுள்ள சிற்றூர்களில் மின்ஷுகு எனப்படும் குடும்ப விடுதிகளே அதிகம்; அறைகள் சில என்பதால் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். ஆகவே, கிடைத்த விடுதிக்கேற்ப நடையைப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. சைவர்கள் முன்பதிவின்போதே மீன் சாறும் கூடாது என்று தெளிவாக எழுத வேண்டும். வெறும் காய்கறிக் குழம்பாகத் தெரிவதிலும் தாஷி என்னும் மீன் சாறு கலந்திருக்கக்கூடும். இரவுணவு ஆறு மணியளவிலேயே பரிமாறப்படுவதால் ஐந்துக்குள் விடுதியை அடைந்துவிடுங்கள்.

ஒசாகாவிலிருந்து ரயிலில் கீ-தனாபே சென்று இரவு தங்கி, காலையில் பேருந்தில் தகிஜிரியை அடையலாம். தொடக்கமே வேர்கள் பின்னிய செங்குத்தான ஏற்றம். முதல் இரவு தங்கும் சிகாத்சுயு சிற்றூர் வரை 13 கி.மீ.தான் என்றாலும் ஆறேழு மணி நேரம் பிடிக்கும். மறுநாள் ஹோங்கூ வரை 25 கி.மீ.; ஏழு மணிக்குள் கிளம்பாவிட்டால் தேவதாரு போன்ற சுகி மரங்களுக்கிடையே இருட்டிவிடும், கைவிளக்கு அவசியம். அவ்வளவு நடக்க முடியாதவர்கள் பேருந்தில் ஹோஷின்மோன் சன்னிதிக்குச் சென்று கடைசி 7 கி.மீ. மட்டும் நடப்பதில் குறையேதுமில்லை.

ஆலய வாயிலில் அகப்பை நீரால் முதலில் இடக்கையையும் பின்னர் வலக்கையையும் கழுவி, உள்ளங்கையில் ஏந்திய நீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. சன்னிதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை குனிவது முறை. 1889 வெள்ளத்துக்குமுன் ஆலயம் ஆற்றங்கரையிலுள்ள ஓயுனோஹாராவில் இருந்தது. சுமார் 34 மீட்டர் உயரத் தோரணவாயில் நிற்கும் அந்தத் திடலைப் பார்க்காமல் பலர் திரும்பிவிடுகின்றனர். எனக்கோ ஆலயத்தைவிட அதுவே பெரிதாகப் படுகிறது.

நடையின் இரண்டாம் இரவை ஹோங்கூவுக்கு அருகிலுள்ள யுனோமினே வெந்நீரூற்றூரில் கழியுங்கள். பொதுக் குளியலில் ஆடையின்றி, தொட்டிக்கு வெளியே உடலை நன்கு கழுவிய பிறகே உள்ளே இறங்க வேண்டும்; சிறுதுண்டு நீரில் படக் கூடாது. பாறைக் குழிக் குளியலிடமான த்சுபோயுவில் ஒரு முறைக்கு 30 நிமிடமே அனுமதி என்பதால், மூன்றாம் நாள் விடிந்ததும் சென்று வரிசைச் சீட்டு வாங்கிக்கொண்டு, காத்திருக்கும் நேரத்தில் அருகிலுள்ள கொதிநீர் ஊற்றில் வலைப்பையில் முட்டையோ சர்க்கரைவள்ளிக் கிழங்கோ இறக்கி வேகவைக்கலாம்.