சீலன்ட் நிற்காததற்குக் காரணம் அடியில் இருந்த மெழுகு

என் கருப்புக் காரின் பானெட்டில் சீலன்ட் (பெயிண்டைக் காக்கும் செயற்கைப் பூச்சு) பூசி இரண்டே வாரம். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் படிய ஆரம்பித்தது. சீலன்ட் மட்டமானது என்பதல்ல காரணம். அடியில் பழைய கார்னோபா மெழுகு (ஒருவகைப் பனை இலையிலிருந்து எடுப்பது) இருந்தது. செயற்கை சீலன்ட் பெயிண்டை நேரடியாகத் தொட்டால்தான் பிடிக்கும்.

கழுவிவிட்டு, ஒட்டிய அழுக்கு கைக்குத் தெரிய, பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டித் தடவினேன். நறநறத்த இடங்களில் மட்டும் கிளே பார், அதாவது அந்த அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டி. (கிளே தரையில் விழுந்தால் தூக்கி எறியுங்கள், கழுவினாலும் மணல் போகாது.) பிறகு பழைய மெழுகை எடுக்கும் பெயிண்ட் கிளென்சர். பலர் ஆல்கஹாலால் துடைத்தால் போதும் என்கிறார்கள். கெட்டியான மெழுகுக்கு அது போதாது. கிளென்சர் விட்டுப்போகும் எண்ணெயை எடுக்கத்தான் 15 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலவை.

நிழலில், தகடு குளிர்ந்தபின், பானெட் முழுக்கப் பட்டாணி அளவில் மூன்று சொட்டு சீலன்ட் போதும். தடிமனாகப் பூசினால் துடைக்கும்போது திட்டுத் திட்டாக நிற்கும். விரலால் ஒரு கோடு இழுங்கள்: சுத்தமாகத் தெரிந்தால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் காயவில்லை.

12 மணி நேரம் தண்ணீர் படவிடவில்லை. மறுநாள் மேலே கார்னோபா. அது கருப்பின் ஆழத்துக்காக மட்டும். சில வாரம்தான் தாங்கும். வெள்ளைக் காராக இருந்தால் சீலன்டோடு நிறுத்தியிருப்பேன்.