டூர் குழுவோடு சிங்கப்பூர் போகிறீர்களா? சாப்பாட்டுக்கு ஒரு குறிப்பு

குன்னூர், கோத்தகிரி பக்கமிருந்து டூர் குழுவோடு சிங்கப்பூர் கிளம்புகிறவர்களே, பஸ் நிறுத்துகிற ஹோட்டலிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். ஊட்டியில் டூரிஸ்ட் வேன் நிற்கிற கடையிலா நாம் வர்க்கி வாங்குகிறோம்? அங்கேயும் அதே கணக்குதான்.

கைடு ஓய்வு நேரம் கொடுக்கும் அன்று, லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையத்தை ஒட்டியிருக்கும் தேக்கா சென்டர் என்ற உணவுக்கடை வளாகத்துக்குப் போங்கள். காலையோ மதியமோ நல்லது. இரவானால் பல கடைகள் மூடியிருக்கும். உடனே வாங்கிவிடாமல் முதலில் ஒரு சுற்று நடங்கள். வேலைக்குப் போகும் உள்ளூர்க்காரர்கள் வரிசை கட்டி நிற்கிறார்களா, கல்லில் ரொட்டி ஓயாமல் புரண்டுகொண்டிருக்கிறதா, அந்தக் கடையில் நில்லுங்கள். சூடாகக் கிடைக்கும், விலையும் நியாயமாக இருக்கும்.

காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை நகர்த்திவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துவைக்க வேண்டும், 2021 முதல் அது கட்டாயம்.

சைவம் மட்டும் என்றால் செராங்கூன் சாலை கோமள விலாஸ், 1947-ல் தொடங்கியது. அம்மா, பாட்டியோடு போகிறவர்களுக்கு அதுதான் நிம்மதி. பஸ் கிளம்பும் நேரத்தை மட்டும் கைடிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.