ரங்கூன் பிள்ளைகளோடு திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு ஒரு நாள் ரயில் பயணம்: முதல்முறை அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு

வேன் பேசாதீர்கள். முதல் வருடம் நான் பேசினேன். திருச்சியில் ஏறிய பிள்ளைகள் ஏசிக் குளிருக்கு அப்படியே தூங்கிப்போனார்கள். தஞ்சாவூர்க் கோயில் வாசலில் ஒவ்வொருவராகத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. வழியில் ஓட்டுநரைத் தவிர ஒரு மனிதரிடமும் பேசவில்லை. ரங்கூனில் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் என்றால் பாட்டி, கோயில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. முன்பின் தெரியாத ஒருவர் "கொஞ்சம் நகர்ந்து உட்காரும்மா" என்று தமிழில் சொல்வதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போகிறோம் என்பது என் எண்ணம். அது ரயிலில்தான் கிடைக்கும்.

கோடை விடுமுறையில் கோலாலம்பூர் வழியாகத் திருச்சியில் வந்து இறங்கும் வகுப்புகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பயணம் சின்னதுதான், சுமார் 50 கிலோமீட்டர். நம்முடைய மியோபட் யத்தா (ரங்கூனின் வட்ட ரயில், யத்தா என்றால் ரயில்) நகரத்தை ஒருமுறை சுற்றி வருவதும் ஏறக்குறைய அவ்வளவே, 46 கிலோமீட்டர். அதற்குப் பழைய நாளில் மூன்று மணி நேரம் பிடிக்கும். இங்கே ஒரு மணி நேரம், முன்னே பின்னே.

1. பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பட்டியல் எழுதுங்கள்

நம் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். வீட்டிலும் வகுப்பிலும் முருகன், பாஸ்போர்ட்டில் மாங் என்று தொடங்கும் பர்மியப் பெயர். ஏன் என்று நமக்குத் தெரியும், கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. முன்பதிவு செய்யும் ரயிலானால் டிக்கெட்டில் உள்ள பெயரும் கையில் உள்ள அடையாளமும் ஒத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை வகுப்புப் பதிவேட்டைப் பார்த்து ஆறு பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு, ரத்து செய்து, மறுபடி வரிசையில் நின்றேன்.

பட்டியலில் பாஸ்போர்ட் பெயர், கூப்பிடும் பெயர், பிறந்த தேதி, எண், ஜோடி என்று ஐந்து கட்டம் போடுங்கள். எண்ணும் ஜோடியும் எதற்கென்று மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். பிறந்த தேதி ஏனென்றால், முன்பதிவில்லாப் பெட்டியில் 5 வயதுக்குக் கீழே கட்டணமில்லை, 5 முதல் 12 வயது நிறையும்வரை அரை டிக்கெட், அதற்கு மேல் முழு டிக்கெட். பிள்ளை குள்ளமாக இருக்கிறதே என்று வாய்க்கு வந்த வயதைச் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட் நகல் பிள்ளைகளின் பையில், அசல் எல்லாம் ஒரு பெரியவர் கையில்.

2. டிக்கெட்

முதலில், சரியான நிலையம். திருச்சியில் கோட்டை, டவுன் என்று வேறு நிலையங்களும் உண்டு. ஆட்டோவில் ஏறும்போதே "ஜங்ஷன்" என்று சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு குறைந்த தூரத்துக்கு முன்பதிவு தேவையில்லை என்பேன். காலையில் போகும் பாசஞ்சர் ரயிலுக்குச் சாதாரணக் கவுண்டரில் டிக்கெட் வாங்கினால் போதும். ஆனால் பாசஞ்சர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறக்கூடாது. கட்டண வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதமும் சேரும், அதுவும் தலைக்கு. கவுண்டரில் "தஞ்சாவூர்" என்று மட்டும் சொல்லாமல் எந்த ரயிலில் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

திரும்பி வர டிக்கெட்டையும் காலையிலேயே வாங்கிவிட்டால் நிம்மதி என்று தோன்றும். வேண்டாம். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட முன்பதிவில்லா டிக்கெட் வாங்கினால் பொதுவாக மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். மாலை டிக்கெட்டை மாலையில் தஞ்சாவூரில் வாங்குங்கள்.

இன்னொன்று, எல்லாருக்கும் சேர்த்து ஒரே சீட்டாக வாங்காதீர்கள். ஒரு சீட்டில் இத்தனை பெரியவர், இத்தனை சிறுவர் என்று அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள், வசதியாகத்தான் இருக்கும். அந்த ஒற்றைச் சீட்டு என் கைப்பையில், நான் கடைசிப் பெட்டியில், பாதிப் பிள்ளைகள் நாலு பெட்டி தள்ளி, அங்கே டிக்கெட் பரிசோதகர். நல்ல மனிதர், அடுத்த நிலையத்தில் நான் இறங்கி ஓடி வரும்வரை காத்திருந்தார். இப்போது ஒவ்வொரு பெரியவருக்கும் அவர் பொறுப்பில் உள்ள பிள்ளைகளுக்கும் தனித்தனிச் சீட்டு.

முன்பதிவுதான் வேண்டும் என்றால் படிவத்தில் ஆறு பேருக்குத்தான் இடம், ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு படிவம்தான் நீட்டலாம். 24 பேர் என்றால் நாலு பெரியவர்களை வரிசையில் நிறுத்துங்கள்.

3. தலையை எண்ணாதீர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருடம் நாங்கள் 22 பேர். சாயங்காலம் தஞ்சாவூர் நடைமேடையில் எல்லாரையும் சுவரோரம் நிறுத்தி விரலால் எண்ணினேன். இருபத்திரண்டு. ரயில் தூரத்தில் தெரிகிறது. என்னவோ உறுத்தியது, மறுபடி எண்ணினேன், அதே இருபத்திரண்டு. அப்புறம்தான் பார்க்கிறேன், வரிசையின் கோடியில் முறுக்கு தின்றுகொண்டு நிற்கும் பையன் நம் பையனே இல்லை. பக்கத்தில் காத்திருந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை, பர்மாக்காரர்களைப் பார்த்த ஆசையில் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறான். எங்கள் பையன் குழாயடியில் பாட்டில் நிரப்பிக்கொண்டிருந்தான்.

எண்ணிக்கை சரி, ஆள் வேறு. அன்றிலிருந்து நான் எண்ணுவதில்லை, பிள்ளைகளே எண்ணுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அந்த நாள் முழுக்க அதுதான் பெயர். ஒற்றைப்படைக்கு அடுத்த இரட்டைப்படை ஜோடி இல்லை. 1-க்கு 12, 2-க்கு 13 என்று பெரிய பிள்ளைக்குச் சின்னதாகக் கட்டிவிடுங்கள். நான் கை தூக்கியதும் வரிசையாக எண்ணைக் கத்த வேண்டும். ஒரு எண் விழாவிட்டால் ஜோடி பதில் சொல்ல வேண்டும்.

எந்த மொழியில் கத்துவது? முதலில் தமிழில்தான் கத்தச் சொன்னேன். நடைமேடையில் ஆயிரம் பேர் தமிழில் பேசிக்கொண்டிருக்க, "ஒன்பது, பத்து" எல்லாம் வெண்டைக்காய் விலையோடு கலந்துபோயிற்று. இப்போது பர்மிய எண்தான். தித், ஹ்னித், தோங், லே, ஙா என்று போனால் அந்த இரைச்சலிலும் தனியாகக் காதில் விழுகிறது. தமிழ் சொல்லிக்கொடுக்க அழைத்துப்போன சயாமா (ஆசிரியை) நடுத்திருச்சியில் நின்று பர்மிய எண் கேட்கிறாள் என்று என் அண்ணன் இன்றும் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

4. ஏறுவதும் உட்காருவதும்

நம் நேரம் இந்திய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் இங்கே நாலரைக்கே விழித்துக்கொள்வார்கள். எனவே ரயில் நாளை வந்த மறுநாளே வைத்துவிடுங்கள், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. கைக்கடிகாரத்தை மட்டும் திருத்தி வையுங்கள்.

அரை மணி முன்னதாக நடைமேடைக்குப் போய், கழிப்பறை, தண்ணீர் எல்லாம் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்கு இரண்டு வாசல் இருக்கும். பாதிப்பேர் இந்த வாசல், பாதிப்பேர் அந்த வாசல். பெரியவர் ஒருவர் முதலில் ஏறிப் பிள்ளைகளைக் கை கொடுத்து ஏற்ற வேண்டும், இன்னொருவர் கடைசியில். படி நம் ஊர் யத்தாவைவிட உயரம். நம் தண்டவாளம் ஒரு மீட்டர், இங்கே ஐந்தரை அடி. உள்ளே நுழைந்த ஒரு சின்னப் பெண் "சயாமா, யத்தாவா இது, மண்டபம் மாதிரி இருக்கு" என்றாள்.

கிளம்பியதும் பொன்மலை வரும். பெரிய ரயில்வே பணிமனை. 1920-களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே கொண்டுவந்தது. நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சினைக்கூட இங்கே செய்கிறார்கள். பூதலூர் தாண்டினால் வயல். இதற்குமேல் விளக்கம் சொல்லாதீர்கள், பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

போன முறை எதிர் இருக்கையில் கீரைக்கட்டுக் கூடையோடு ஒரு பாட்டி. எங்கள் பெண்ணின் கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, அது என்ன சந்தனமா?"

"தனாக்கா, பாட்டி."

"தனக்கா? உனக்குன்னு தெரியுது, என்ன அதுன்னு கேக்குறேன்."

பெட்டியே சிரித்தது. அந்தப் பெண் பர்மாவில் வளரும் மரம், பட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரசுவோம், வெயிலுக்குக் குளிர்ச்சி என்று திக்கித் திக்கிச் சொன்னாள். நடுவில் "பட்டை" என்ற சொல் வராமல் "மரத்தோட தோல்" என்றாள். பாட்டி விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, "பட்டைன்னு சொல்லு தாயி" என்றார். வகுப்பில் நான் ஒரு வருடம் நடத்தினாலும் அந்தச் சொல் அப்படி ஒட்டாது.

5. தஞ்சாவூரில்

கோயில்தான் முதலில். பெரிய கோயில் நண்பகல் வாக்கில் நடை சாத்திவிட்டு மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அதோடு ஏப்ரல் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஷ்வேடகோன் பகோடாவில் பழகிய கால்தானே என்று நினைத்தேன், இது வேறு சூடு. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஆட்டோ.

ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்தது, விமானம் 216 அடி என்பதையெல்லாம் ரயிலிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள், நிழல் நன்றாகவே விழுகிறது, அதில் நின்றுதான் நாங்கள் தண்ணீர் குடித்தோம்.

நேரத்தைச் சுவரெழுத்துக்கு ஒதுக்குங்கள். கோயில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜேந்திரனின் கடல் கடந்த படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியும் இங்கே உண்டு. அதில் "காப்புறு நிறைபுனல் மாப்பப்பாளமும்" என்று ஒரு துறைமுகம் வரும். அது கீழ்ப்பர்மாவில் இருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. நம் ஊர்ப்பக்கம் இந்தச் சுவரில் இருக்கிறது என்றதும், அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்த பெரிய பையன்கள் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார்கள். பழைய எழுத்து, படிக்க வராது. ஆனாலும் "ம" கிடைத்தது, "ப" கிடைத்தது என்று கத்தினார்கள்.

பிறகு இலைச்சாப்பாடு. ஙாப்பி (நம் ஊர் மீன் விழுது) இல்லாமல் சோறா என்று முகம் சுளிப்பவர்களுக்கு வற்றல் குழம்பு வாங்கிக் கொடுங்கள். மதிய வெயிலுக்கு அரண்மனைக்குள் போய்விடலாம். கலைக்கூடத்தில் சோழர் செப்புத்திருமேனிகள், பக்கத்தில் இரண்டாம் சரபோஜி வளர்த்த சரஸ்வதி மகால். சின்னவர்கள் அரை மணிக்குமேல் தாங்க மாட்டார்கள்.

6. திரும்புதல்

நினைத்த ரயிலுக்கு ஒரு ரயில் முன்னதாகவே நிலையத்துக்கு வந்துவிடுங்கள். அது கூட்டமாக இருந்தால் அடுத்ததில் ஏறலாம். எதுவும் சரிப்படவில்லை என்றால் புதிய பேருந்து நிலையத்திலிருந்து திருச்சிக்கு அடிக்கடி பஸ் உண்டு. ரயிலில் ஏதாவது சிக்கல் என்றால் 139, இந்த எண்ணை ஓர் அட்டையில் எழுதிப் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள்.

ரயில் நிற்பதற்குப் பத்து நிமிடம் முன்பே எல்லாரையும் எழுப்பிச் செருப்பைத் தேடச் சொல்லுங்கள். திருச்சியில் இறங்கியதும் நடைமேடையிலேயே கடைசி எண்ணிக்கை. போன முறை தித்தில் தொடங்கி செச்சௌக் வரை ஒழுங்காக வந்தது. பதினேழு விழவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"செக்குன்னித் இங்கதான் இருக்கா, சயாமா," என்றாள் ஜோடிக்காரி. "தோள்ல போட்டிருக்கேன், தூங்குறா."