ஷூவின் உள்ளட்டையை உருவிப் பாருங்கள்

மூன்று வயதில் என் மகளின் ஷூ இறுகிப்போனது எனக்குத் தெரியவே இல்லை. அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை. குளிப்பாட்டும்போது விரல் நுனி சிவந்திருந்ததைப் பார்த்துத்தான் பதறினேன். பிஞ்சுப் பாதம் மெத்தென்று இருப்பதால் இறுக்கத்துக்கு வளைந்து கொடுத்துவிடும்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மாலையில் அளக்கிறேன். அதற்குள் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். காகிதத்தின்மேல் நிற்கவைத்து இரண்டு பாதத்தையும் வரையுங்கள். உட்கார்ந்தால் நீளம் குறைந்துவிடும். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல்வரை அளந்து (அது கட்டைவிரலாகத்தான் இருக்கும் என்றில்லை), பெரிய பாதத்தின் அளவோடு சுமார் 1 செ.மீ. கூட்டுங்கள். ஷூவின் உள்நீளம் அவ்வளவு வேண்டும். உள்ளட்டை கழன்று வந்தால் அதன்மேல் குழந்தையை நிற்கவையுங்கள். பாதம் பக்கவாட்டில் வழிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம், வளரும் பிள்ளைதானே என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். குதிகாலிலிருந்து ஷூ கழன்று தடுக்கி விழுவார்கள்.