ஒரு மினுக்கில் இரண்டு பிட்: ஒளியில் தரவு அனுப்பப் பழகுவோம்

ஒளி வழியே தரவை வேகமாக அனுப்ப வேண்டும் என்றதும், விளக்கை இன்னும் வேகமாக மினுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஒரு வேகத்துக்கு மேல் விளக்கும் உணரியும் ஈடுகொடுக்காது. அதே வேகத்தில் மினுக்கிக்கொண்டே, ஒவ்வொரு மினுக்கிலும் கூடுதல் பிட்டுகளை (0 அல்லது 1 என்ற தரவுத் துணுக்குகளை) ஏற்றுவது இன்னொரு வழி. இன்றைய ஒளியிழை வலையமைப்புகள் இந்த வழியை நம்பித்தான் வளர்ந்திருக்கின்றன. அதன் அடிப்படையை மேசைமேல் வைத்தே செய்து பார்த்துவிடலாம்.

தேவையானவை: இரண்டு ஆர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை; ஒன்று அனுப்ப, ஒன்று பெற), ஒரே வகையான இரண்டு சிவப்பு எல்இடி, மூன்று 220 ஓம் ரெசிஸ்டர், ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு போட்டோடிரான்சிஸ்டர் (ஒளியை அளக்கும் உணரி), பிரெட்போர்டு, ஒயர்கள். போட்டோடிரான்சிஸ்டரின் தலை கறுப்பாக இருந்தால் அது அகச்சிவப்பு ஒளிக்கானது, வேண்டாம். கண்ணாடிபோல் தெளிந்த தலை உள்ளதை எடுங்கள். ஒளிக்கேற்ப மின்தடை மாறும் எல்டிஆர் இதற்கு உதவாது. விளக்கு அணைந்தபின் அது பழைய நிலைக்குத் திரும்பவே பல மில்லிவினாடிகள் ஆகும்.

படி 1: எரிந்தால் 1, அணைந்தால் 0

முதலில் ஒரே எல்இடி. எழுத்துகளைக் கணினிக்காக பிட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ என்ற எழுத்து மூன்று பைட்: 11100000 10101110 10000101. ஒரு பிட்டுக்கு 20 மில்லிவினாடி வைத்து வரிசையாக அனுப்புங்கள். மொத்தம் 24 மினுக்கு, 480 மில்லிவினாடி. பெறும் பக்கத்தில் போட்டோடிரான்சிஸ்டரின் கலெக்டரை 5 வோல்ட்டிலும், எமிட்டரை அனலாக் பின்னிலும் இணைத்து, அதே பின்னிலிருந்து 10 கிலோஓம் ரெசிஸ்டரை கிரவுண்டுக்குக் கொடுங்கள். ஒளி கூடினால் அளவு ஏறும், குறைந்தால் இறங்கும்.

படி 2: நான்கு வெளிச்ச நிலைகள்

வெளிச்சத்தைக் குறைக்க ஆர்டுயினோவின் பிடபிள்யூஎம் பின்னை நாடத் தோன்றும். வேண்டாம். அது எல்இடியை வினாடிக்குச் சுமார் 490 முறை அணைத்து ஏற்றுகிறது. கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும், உணரி அதை முழு வெளிச்சம், முழு இருட்டு என்றே மாறி மாறிப் பார்க்கும்.

அதற்குப் பதிலாக இரண்டாவது எல்இடியைச் சேருங்கள். முதல் எல்இடிக்கு ஒரு 220 ஓம், இரண்டாவதுக்கு இரண்டு 220 ஓம் தொடராக. இரண்டாவதில் பாதி மின்னோட்டம்தான் ஓடும். இரண்டும் அணைந்தால் நிலை 0, மங்கலானது மட்டும் எரிந்தால் 1, பிரகாசமானது மட்டும் என்றால் 2, இரண்டும் சேர்ந்தால் 3. எல்இடிகளை ஒட்டி வைத்து, முன்னால் ஒரு டிரேசிங் தாளைப் பிடித்தால் ஒளி நன்றாகக் கலக்கும்.

படி 3: எந்த நிலைக்கு எந்த பிட்

00 என்றால் நிலை 0, 01 என்றால் 1, 11 என்றால் 2, 10 என்றால் 3. பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே பெயரால் கிரே குறியீடு என்று அழைக்கப்படும் இந்த வரிசையில், அடுத்தடுத்த நிலைகளுக்கு இடையே ஒரு பிட் மட்டுமே மாறும். இரைச்சலால் பிழை வந்தால் பெரும்பாலும் பக்கத்து நிலையாகத்தான் தவறும். அப்போது ஒரு பிட்டோடு சேதம் நின்றுவிடும்.

இப்போது ‘அ’ இப்படி மாறும்: 2, 3, 0, 0, 3, 3, 2, 3, 3, 0, 1, 1. 24 மினுக்குகள் 12 ஆகிவிட்டன.

படி 4: பெறும் பக்கம்

வேலை வெற்றி பெறுவதும் தோற்பதும் இங்கேதான், அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் 3, 0, 1, 2 என்ற நான்கு நிலைகளை அனுப்புங்கள். இருட்டிலிருந்து திடீரென ஏறும் முதல் 3 “தொடங்கிவிட்டது” என்று பெறுபவருக்குச் சொல்லும். நான்கையும் அளந்து வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு அளவுகளின் நடுப்புள்ளியை எல்லைக்கோடாக வையுங்கள். உதாரணமாக அளவுகள் 60, 240, 410, 590 என்று வந்தால் எல்லைகள் 150, 325, 500. இடைவெளிகள் சமமாக இல்லாவிட்டாலும் கவலையில்லை.

அளவு, ஆர்டுயினோ காட்டக்கூடிய உச்சமான 1023ஐ ஒட்டியே நின்றால் உணரி திணறுகிறது என்று பொருள். சற்றுத் தள்ளி வையுங்கள்.

ஒவ்வொரு நிலையின் 20 மில்லிவினாடியிலும் 5 முதல் 15 வரையிலான நடுப்பகுதியில் மட்டும் பலமுறை அளந்து சராசரி எடுங்கள். ஓரங்களை விட்டுவிட்டால் இரண்டு போர்டுகளின் கடிகாரங்கள் சிறிது விலகினாலும் பாதிக்காது. அந்த 10 மில்லிவினாடிக்கு இன்னொரு பயனும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல அறை விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும். சரியாக ஒரு மினுக்கின் காலத்துக்குச் சராசரி எடுக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் சமனாகிவிடும்.

நான்கோடு ஏன் நிறுத்த வேண்டும், 16 நிலைகள் வைக்கலாமே என்று கேட்கலாம். 16 நிலை வைத்தால் ஒரு மினுக்கில் நான்கு பிட். ஆதாயம் இருமடங்குதான். ஆனால் நிலைகளுக்கு இடையிலான இடைவெளி மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பதினைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும், அதாவது ஐந்து மடங்கு குறையும். இரைச்சல் குறையாது. ஆகவே நிலைகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட, ஒன்றோடொன்று மோதாத புதிய வழியைத் திறப்பதே மேல் என்பேன்.

படி 5: நிறத்தைச் சேர்ப்பது

அதே அமைப்பை பச்சை எல்இடிகளோடு இன்னொரு முறை கட்டுங்கள். ஒரு உணரியின் மேல் சிவப்பு வண்ணத்தாள், மற்றதன் மேல் பச்சை வண்ணத்தாள். இரண்டு நிறமும் ஒரே நேரத்தில் ஆளுக்கு இரண்டு பிட் சுமக்கும். வண்ணத்தாள் முழுமையாகத் தடுக்காது. ஆகவே சிவப்பை மட்டும் எரியவிட்டு, பச்சை உணரியில் எவ்வளவு கசிகிறது என்று அளந்து அந்தப் பங்கைக் கழியுங்கள். பிறகு மறுபக்கமும் அதேபோல்.

ஒளியிழையில் இதே வேலை நுட்பமாக நடக்கிறது. கண்ணாடியில் இழப்பு மிகக் குறைவாக உள்ள 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்புப் பட்டையில், 50 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 80க்கும் மேற்பட்ட ‘நிறங்கள்’ ஒரே இழையில் ஓடும். லேசரில் அலையின் கட்டத்தையும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும்) கட்டுப்படுத்த முடிவதால், 90 பாகை விலகிய இரண்டு அச்சுகளில் தனித்தனியாக நான்கு நிலைகள் வைக்கிறார்கள். 16-க்யூஏஎம் என்பது இதுதான். ஒரு குறிக்கு, அதாவது நம் கணக்கில் ஒரு மினுக்குக்கு, நான்கு பிட் கிடைக்கிறது. ஒளியின் இரண்டு முனைவாக்கங்களையும் (ஒன்றுக்கொன்று செங்குத்தான அதிர்வுத் திசைகளையும்) பயன்படுத்தினால் எட்டு. எல்இடி ஒளியில் கட்டம் ஒழுங்காக இருப்பதில்லை என்பதால், அதைச் செய்ய லேசரும், பெறும் பக்கத்தில் ஒப்பிடுவதற்கு இன்னொரு லேசரும் வேண்டும்.